முள் பட்ட இடம்

என் புத்தக அலமாரியில், தொல்காப்பிய உரைத்தொகுதிகளுக்கும் பத்துப்பாட்டுக்கும் நடுவே, மரத்தாலான பாபின் ஒன்று இருக்கிறது. பஞ்சாலையில் நூல் சுற்றப் பயன்படுவது. அதில் இப்போது சுற்றியிருப்பது நூலன்று. மங்கிப்போன நைலான் நரம்பு. வீட்டிற்கு வரும் மாணவர்கள் அதை அகழாய்வில் கிடைத்த பொருளோ என்று கையிலெடுத்துப் பார்ப்பதுண்டு. தூண்டில் நரம்பு என்று நான் சொன்னதும் சிரிப்பார்கள். தமிழ் வாத்தியாருக்கும் தூண்டிலுக்கும் என்ன உறவு என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் முப்பத்தோராண்டுகள் வேலை பார்த்தார். ஊர் பாகூர். இரவுப் பணி முடித்துக் காலைப் பேருந்தில் வந்திறங்குபவர் நேரே வீட்டுக்கு வரமாட்டார். ஏரிக்கரைக்குப் போய்விட்டு வெயில் ஏறிய பிறகுதான் வருவார். தூக்கத்தை ஏரியில் தொலைத்த மனிதர் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். எனக்கென்னவோ அவர் உறங்கியதே அங்கேதான் என்று தோன்றும்.

பாகூர் ஏரியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்துவரும் பங்காரு வாய்க்கால் இதை நிறைக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது இந்தத் தண்ணீரை நம்பித்தான். இன்னொரு பெருமையும் ஊருக்கு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அந்தச் சாலையில் பயின்றவர்களில் எத்தனை பேர் பாடம் தவிர்த்து நீர்க்கரைக்கு ஓடினார்கள் என்பதைச் செப்பேடு எழுதியவர் விட்டுவிட்டார்.

அப்பாவிடம் இரண்டு கழிகள் இருந்தன. இரண்டும் கல்மூங்கில். வெட்டி வந்து, வேப்பெண்ணெய் தடவி, அடுப்படிப் பரணில் ஒரு மழைக்காலம் முழுதும் புகையில் கிடக்கவிட்டு எடுத்தவை. மெலிந்த கழி கெண்டைக்கு. அதற்கு நெட்டித் தக்கை, பொடிமுள், மிளகளவு ஈயம், மண்புழு. தடித்த கழி விராலுக்கு. அதில் தக்கையும் இல்லை, ஈயமும் இல்லை. தடித்த நரம்பும் பெரிய முள்ளும்தான். தவளையைத் தொடைத்தோலில் கோத்து, தாமரை இலை ஓரமாக நீர்மட்டத்திலேயே தட்டித் தட்டி நடக்கவிடுவார். ஈயம் கட்டினால் தவளை மூழ்கும். மூழ்கிய தவளையை விரால் ஐயத்தோடுதான் பார்க்கும். "மீனு எதத் திங்குதுன்னு பாத்து முள்ள எடு. ஒங்கிட்ட என்ன முள்ளு இருக்குன்னு பாக்காத" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை விரித்து எழுதிய நூல்களைத்தான் பின்னாளில் நான் வழவழப்பான தாளில் படித்தேன்.

விரால் காற்றைக் குடிக்கும் மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே உள்ள அறையில் காற்றை நிரப்பிக்கொள்ள அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கித் திரும்பும்போது நீரில் ஒரு வளையம் விரியும். அப்பா அந்த வளையத்தின் அகலத்தைக் கொண்டு மீனின் எடையைச் சொல்வார். அடுத்த வளையம் எங்கே விரியும் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். மீன் தவளையைக் கவ்வியதும் நான் பதறுவேன். அவர் கழியை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையால் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் வெட்டி இழுப்பார். விரால் முதலில் கவ்விக்கொண்டு புதருக்குள் போகும், அங்கேதான் விழுங்கும், அதற்குமுன் இழுத்தால் தவளை மட்டுமே கையில் மிஞ்சும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கிற்று. சுண்ணாம்பு சற்று அதிகமாகிவிட்ட நாளில் பெரிய மீன் கிடைக்கும் என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் நீர் உலைபோலக் கொதித்தது. அருகே போய்ப் பார்த்தால், செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான பொடிக்குஞ்சுகள். விரால் குஞ்சுகள். காற்றுக்காக ஒருசேர மேலே வருவதும் அமிழ்வதுமாக இருந்தன. பெரிய மீன் அடியில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கழியைத் தூக்கினேன். அப்பா எதுவும் சொல்லாமல் கழியின் மேல் கை வைத்து அமுக்கினார். நுனி நீரில் தோய்ந்தது.

"காவல்ல இருக்கறவன் மேல முள்ளு போடாத."

அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

இங்கே வகுப்பறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வர விரும்புகிறேன். என் தொழில் அப்படி. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தூண்டிற்காரனைக் காட்டுகிறார். தோளில் இறைச்சி இட்ட தோற்பை, நீண்ட மூங்கிற்கழி, அது அதிரும்படி பூட்டிய நாண், வளைந்த இரும்பு முள். அதில் பொதிந்திருந்த இரையைப் பறித்துக்கொண்டு தப்பிய வாளை, அதன்பிறகு கரையோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் கழியென்று அஞ்சுகிறது. பல ஆண்டுகள் இதை நான் உவமை நயம், திணைப் பின்னணி என்று தேர்வுக்குரிய தலைப்புகளோடு நடத்திவந்தேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து, கடலோரக் கிராமத்து மாணவன் ஒருவன், "ஐயா, இதுல தக்கையே வரலியே?" என்று கேட்டான். திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். தக்கை இல்லை. இறைச்சி இரை, நீண்ட கழி, பெருவாய் படைத்த இரைகொல்லி மீன். அப்பாவின் இரண்டாவது கழி! மிதக்கவிட்டுக் காத்திருக்கும் தூண்டிலன்று அது; இரையை ஆட்டிக் காட்டி மீனை வரவழைக்கும் தூண்டில் என்றே நான் கொள்கிறேன். உரையாசிரியர்கள் ஒப்பமாட்டார்களாக இருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் தவளை கோத்திருப்பார்கள்?

2017இல் நான் ஒரு ரீல் வாங்கினேன். ஏழடி நீளமுள்ள, மீடியம் ஹெவி என்று அச்சிட்ட கழி, பிரெய்டு என்னும் பின்னல் நரம்பு, இரண்டு ரப்பர் தவளைகள். எல்லாம் வில்லியனூரில் இப்போது நான் குடியிருக்கும் வீட்டுக்கே பெட்டியில் வந்து சேர்ந்தன. கைபேசிக் காணொளிகளில் இளைஞர்கள் இதைக் கொண்டு விரால் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து ஏறிய ஆசை. ஊசுட்டேரி வீட்டுக்குப் பக்கம்தான். ஆனால் அது 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கழியோடு போவது முறையன்று. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாகூருக்கே போனேன்.

அப்பா ரப்பர் தவளையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு அது, மறுப்பதற்கில்லை. உள்ளே கூடு. இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதனால் தாமரை இலை மேலும் ஆகாயத்தாமரை மேலும் சிக்காமல் ஏறி இறங்கும். மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முட்கள் வெளியே வரும். அமெரிக்காவில் பாஸ் மீனுக்காகப் பரவிய சாதனம் இது. அங்கே ஏரிகளில் அல்லி இலைக்கடியில் பதுங்கியிருக்கும் பெருவாய்ப் பாஸுக்கும் நம் விராலுக்கும் குல உறவு எதுவுமில்லை. ஆனால் பதுங்கியிருந்து பாய்வது, புதரை விட்டு விலகாதிருப்பது, நீர்மேல் நீந்துவதை அடித்து விழுங்குவது என்று குணத்தால் இரண்டும் பங்காளிகள். அதனால்தான் அந்தத் தவளை இங்கே இவ்வளவு எளிதாகப் பிழைத்துக்கொண்டது. (பாஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் உண்மையாகவே ஒட்டியிருக்கும் மீன் நம் கழிமுகங்களில் உண்டு, கொடுவா. ஆணாகப் பிறந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் விந்தை மீன். தென்பெண்ணை கடலில் சேருமிடத்தில் உயிர் இறால் கோத்து அதற்குக் காத்திருப்பவர்கள் தனிக்கூட்டம். அப்பா உப்புநீர்ப் பக்கம் போனதில்லை.)

பின்னல் நரம்பை விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்தவர், "இழுபடவே மாட்டேங்குதே" என்றார். நைலான் நரம்பு இழுபட்டு மீனுக்குச் சற்று இடம் கொடுக்கும். பின்னல் நரம்பு கொடுக்காது. புதரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு வரும். அந்த இடத்தைக் கொடுப்பதற்குத்தான் ரீலில் டிராக் என்றொரு திருகு. நான் அதை விளக்கினேன். எனக்கு விளங்கிய அளவுக்கு.

"இது தவளைக்கு நல்லது" என்றார். சிறிது நேரம் கழித்து, "மீனுக்கு எப்படின்னு தெரியல" என்றார்.

தவளைக்கு நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. அதற்கு முன் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கோணியுமாக வயல்களில் நடந்த வேட்டை எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. வயலின் பூச்சியைத் தின்னும் உயிரைத் தொடையில் குத்தி நடக்கவிடுவதை இனி என்னால் செய்ய முடியாது. ரப்பர் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றுண்டு. அப்பாவின் கழி எட்டுமிடம் இரண்டு ஆள் நீளம். மீதி ஏரி முழுதும் மீனுக்கு. ரீலில் நான் எறிந்தால் முப்பது மீட்டர் போகும். தவளை தீர்ந்துபோனால் அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். என் தவளை தீருவதில்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு முறை எறியலாம். நானும் எறிந்திருக்கிறேன்.

2019 கார்த்திகையில் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய மூன்றாம் நாள் அம்மா, "வெரால் கொழம்பு வெச்சுக் குடுத்தா புண்ணு சீக்கிரம் ஆறும்" என்றாள். இது எங்கள் ஊர் நம்பிக்கை மட்டுமன்று. மலேசியாவிலும் ஹாருவான் என்று பெயரிட்டு இதே மீனை அறுவையான உடம்புக்குக் கொடுப்பார்கள். புதுச்சேரிச் சந்தைக்குப் போயிருந்தால் வளர்ப்பு விரால் உயிரோடு வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. அப்பாவுக்கு நானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசையில் அன்பு எவ்வளவு, புதுக்கழியின் செருக்கு எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

மூன்று நாள் மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது. நிறைந்த ஏரியில் விரால் பிடிப்பது கடினம். கோடையில் நீர் சுருங்கும்போது மீனும் இரையும் ஓரிடத்தில் நெருங்கியிருக்கும். மழைக்காலத்தில் வயல்வரை பரந்து போய்விடும். இரண்டு மணி நேரம் எறிந்தேன். கிடைத்ததெல்லாம் பாசி. திரும்பிவிடலாம் என்று வாய்க்கால் முகத்துக்கு வந்தபோது நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதே இடமா என்றால் சொல்லத் தெரியவில்லை. அதே செந்நிறம்.

கழியை அமுக்க அங்கே ஒரு கை இல்லை.

முதல் இரண்டு எறிகள் தள்ளி விழுந்தன. மூன்றாவது, குஞ்சுக்கூட்டத்தைத் தாண்டி விழுந்தது. மெல்ல அவற்றின் மேலாக இழுத்து வந்தேன். இரை தேடும் விரால் கவ்வும்போது நீரில் ஓர் உறிஞ்சல் கேட்கும். இது அப்படியில்லை, ஓங்கி அறைந்தது போலிருந்தது. வெற்றிலை மடிக்க நேரமில்லை. இழுத்தேன். பின்னல் நரம்பு இடம் கொடுக்கவில்லை. ஒன்றரைக் கிலோ இருக்கும். கரையில் முள்ளைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். செந்நிறம் இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவே வெள்ளி வெள்ளியாக ஏதோ புரண்டன. சிலேபியாக இருக்கலாம், கெண்டையாக இருக்கலாம். நின்று பார்க்கவில்லை. மீனை வாளியில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

அம்மா சாம்பல் போட்டு உரசி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இவ்ளோ பெரிய மீனு, வயித்துல ஒண்ணுமே இல்ல பாரேன். பட்டினியா கெடந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திண்ணையில் சாய்ந்திருந்த அப்பா காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

மதியம் தட்டில் மீன் தலை அவருக்கு வந்தது. எங்கள் வீட்டில் தலை எப்போதும் அவருக்குத்தான். அவர் அதைப் புரட்டினார். ஒரு விரலால் தாடையின் வெளிப்புறத்தைத் தடவினார். இரைக்காகக் கவ்விய மீனுக்கு முள் வாய்க்குள், அண்ணத்தில் படும். இந்த மீனுக்கு உதட்டின் வெளியே, தாடையோரத்தில் கிழிந்திருந்தது. விழுங்க வந்த மீனன்று, விரட்ட வந்தது.

"எங்க புடிச்ச?"

"மதகுகிட்ட."

"மதகுகிட்டயா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

நான் தண்ணீர் செம்பை எடுத்தேன், வைத்தேன். நாற்பதை நெருங்கிய மனிதன், கல்லூரியில் அறம் நடத்துகிறவன், ஒரு மீனின் தாடைக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம், "சோறு போடு, கொழம்பு ஆறுது" என்றார். முழுவதும் சாப்பிட்டார். தலையின் எலும்புகளை வழக்கம்போலத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். இரண்டாம் நாளும் அந்தக் குழம்பைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீணாக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

அதன் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். வருந்தினால் படிப்பது எங்கள் வர்க்கத்தின் பழக்கம். பெருவாய்ப் பாஸிலும் ஆண்மீன் கூட்டைக் காக்கிறது. முட்டை பொரிந்த பிறகும் குஞ்சுகளோடு திரிகிறது. அந்த நாட்களில் அது இரை தேடுவது குறைவு; நெருங்கும் எதையும் அடிக்கும். ஆகவே காவல் காக்கும் மீனைப் பிடிப்பது எளிது. வட அமெரிக்க ஏரிகளில் ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். காவல்மீனைத் தூக்கிய சிறிது நேரத்திலேயே சிறுமீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்னத் தொடங்கிவிடுகின்றன. பிடித்ததை உடனே விட்டுவிட்டாலும், சில மீன்கள் களைத்துக் கூட்டையே கைவிட்டுவிடுகின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பல பகுதிகளில் வசந்தகாலம் முழுதும் பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இதனால்தான். பிடித்து விட்டுவிடுகிறேன் என்பவர்களுக்கும் அந்தத் தடை பொருந்தும். ரப்பர் தவளையின் வேலைப்பாடு பெட்டியில் நம் ஊருக்கு வந்துவிட்டது. இந்த விதி பெட்டியில் வரவில்லை. காணொளிகளில் குஞ்சுக்கூட்டத்தைக் கண்டதும் இளைஞர்கள் குதூகலிப்பதைப் பார்க்கிறேன். அவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. நம் ஏரியில் அந்த விதி எழுதப்படாமல் ஒருவருடைய கையில் இருந்தது; அந்தக் கை கட்டிலில் படுத்திருந்தபோது நான் எறிந்தேன்.

அப்பா 2021இல் காலமானார். இப்போதும் மாசி, பங்குனியில் நீர் இறங்கியதும் நான் கழியோடு பாகூருக்குப் போகிறேன். ரப்பர் தவளைதான், முட்களின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டேன், மீன் எளிதாகக் கழன்றுகொள்ளும். மூன்று எறிக்கு ஒரு வெற்றிலை நேரம் சும்மா இருப்பது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் அது வெறும் கணக்குதான். ஐப்பசி, கார்த்திகையில் கழி இல்லாமல் போவேன். வாய்க்கால் முகத்தில் சில ஆண்டுகளில் செந்நிறம் தெரியும். சில ஆண்டுகளில் தெரியாது.

பாபினைப் பற்றிச் சொல்ல வந்தேன். கருமாதி முடிந்து பரணை ஒழித்தபோது இரண்டு கழிகளும் உளுத்துப் போயிருந்தன. பாபின் மட்டும் ஒரு துணியில் பொதிந்து பத்திரமாக இருந்தது. நரம்பு இழை பிசகாமல் சுற்றப்பட்டிருந்தது. முனையில் அப்பாவின் பழைய விரால் முள்ளின் தண்டு மட்டும் இருந்தது, வளைவிலேயே நறுக்கப்பட்டிருந்தது. துருப்பிடித்து ஒடிந்ததில்லை. நறுக்கிய முகம் சீராக இருந்தது. இதை எப்போது செய்தார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறந்தான். ஒருநா குறடு எங்கன்னு கேட்டாரு. ஆணி புடுங்கறதுக்குன்னு நெனச்சேன்" என்றாள்.